ஸ்நோமொபைல் கிளப் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விகள்

டொரான்டோலேர்ந்து வடக்க ரெண்டரை மணி நேரம் ஓட்டினா பாரி சவுண்ட் வரும். அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல நாங்க இருக்கோம், இது ஆறாவது குளிர்காலம். ரெண்டாவது வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவர் என் கையில ஒரு ரம்பத்தைக் குடுத்து "சனிக்கிழமை சும்மாதான இருக்க, வா"ன்னு கூப்பிட்டாரு, போனேன், அதோட கிளப்ல ஒருத்தனா ஆயிட்டேன். அதுக்கப்புறம் பிராம்ப்டன்ல இருக்கற ஃப்ரெண்ட்ஸ், ஸ்கார்பரோல இருக்கற சொந்தக்காரங்க, ஊர்லேர்ந்து பேரப்பிள்ளையப் பாக்க வர்ற பெரியவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விங்கதான். ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எழுதி வச்சுட்டேன். கேள்விங்கள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். எல்லாமே கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துச் சமாச்சாரம், மத்த இடத்துக்குச் சட்டம் வேற.

ஸ்நோமொபைல்னா என்னங்க, பனில ஓடற பைக்கா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஹேண்டில்பார் இருக்கும், முன்னாடி சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு ஸ்கீ, பின்னாடி டாங்குக்கு இருக்கற மாதிரி ஒரு ரப்பர் ட்ராக். இங்க யாரும் ஸ்நோமொபைல்னு முழுசா சொல்றதில்ல, "ஸ்லெட்"டுதான். வயசானவங்க எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் "ஸ்கிடூ"ம்பாங்க, நம்ம ஊர்ல எந்த மிஷின்ல காப்பி எடுத்தாலும் ஜெராக்ஸ்ங்கற மாதிரி. இன்னொண்ணு, பனின்னு சொன்னா நமக்கு மார்கழிக் காலைல புல்லு மேல இருக்கறதுதான் ஞாபகம் வரும், அதனால நான் ஸ்நோன்னே எழுதறேன்.

இந்த ஸ்கிடூ 1959-ல வந்துச்சு. பண்ணினவர் ஜோசஃப் அர்மாண்ட் பாம்பார்டியே, கியூபெக்ல வால்கூர்ங்கற ஊர்க்காரர். 1934 குளிர்காலத்துல அவரோட ரெண்டு வயசுப் பையன் இறந்துட்டான், ஸ்நோல ரோடு அடைச்சுக் கெடந்ததால ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியல. ஸ்நோ மேல ஓடற வண்டிக்கு அதுக்கு முன்னாடிலேர்ந்தே முயற்சி பண்ணிட்டுதான் இருந்தாரு, ஆனா அதுக்கப்புறம் விடவே இல்ல, ஏழு பேர் உக்காந்து போற வண்டிய 1930-களோட கடைசிலயே ஓட்டிக் காட்டிட்டாரு. இன்னைக்கு நாம ஜாலிக்கு ஓட்டறோம், ஆரம்பத்துல டாக்டருங்களும் தபால்காரங்களும்தான் வாங்கினாங்க.

ட்ரெயில்லாம் கவர்மென்ட் தானே போடுது, ரோடு மாதிரி?

இதுதான் முதல் இடத்துல இருக்கற கேள்வி. ட்ரெயில்னா ஸ்லெட் ஓடறதுக்குன்னு காட்டுலயும் வயல்லயும் போட்ட பாதை. கவர்மென்ட் போடறது இல்லங்க. ஊருக்கு ஊர் கிளப் இருக்கு, கிளப்ல இருக்கறவங்க எல்லாம் ப்ளம்பர், டீச்சர், ரிட்டயர் ஆன மின்வாரிய ஆளு, மளிகைக்கடைக்காரம்மா, என்னை மாதிரி வீட்லேர்ந்து கம்ப்யூட்டர் தட்டறவன். இந்தக் கிளப்புங்க எல்லாம் சேர்ந்த சம்மேளனம் ஓஎஃப்எஸ்சி, 1966-லேர்ந்து இருக்கு. இருநூறுக்குக் கொஞ்சம் கம்மியா கிளப்புங்க, எல்லாம் சேர்த்து சுமார் 30,000 கிலோமீட்டர் ட்ரெயில். கவர்மென்ட் அப்பப்ப ஏதாவது ஒரு திட்டத்துக்குக் காசு குடுக்கும், கிரவுன் லேண்ட்ல, அதாவது அரசாங்க நிலத்துல, அனுமதி குடுக்கும். ஆனா மரம் வெட்டறது, பாலம் போடறது, போர்டு நடறது எல்லாம் நாங்கதான்.

என் மாமனார் இதக் கேட்டுட்டு, "அட நம்ம குடிமராமத்துப்பா"ன்னாரு. அவங்க ஊர்ல வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு அந்தக் காலத்துல வழக்கம் இருந்துச்சாம். இங்க வீட்டுக்கு ஒரு ஆள்னு கட்டாயம் கெடையாது, மத்தபடி அதே கதைதான்: வர்றவங்க எப்பவும் அதே பதினஞ்சு பேர், குறை சொல்றவங்க முந்நூறு பேர்.

குளிர்காலம் நாலு மாசம், மத்த நேரம் கிளப்புக்கு என்ன வேலை?

உண்மையைச் சொன்னா ஸ்நோ விழறதுக்கு முன்னாடிதான் அதிக வேலை. செப்டம்பர்லேர்ந்து ஒவ்வொரு வாரக்கடைசியும் "பிரஷ்ஷிங்". கோடைல ட்ரெயில் மேல சாஞ்ச மரம், ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கற கிளை எல்லாத்தையும் வெட்டணும். கீழ நின்னு பாத்தா கிளை தலைக்கு மேல ரொம்ப உயரத்துல இருக்கற மாதிரிதான் தோணும், ஆனா ரெண்டு மூணு அடி ஸ்நோ விழுந்து, அதுக்கு மேல வண்டி, அதுக்கு மேல நீங்கன்னு கணக்குப் போட்டா அந்தக் கிளை நேரா மூஞ்சிக்கு வரும். முதல் வருஷம் எனக்கு இது புரியல, "போதும் போதும்"னு சொல்லிட்டே இருந்தேன், பெரியவர் ஒரு வார்த்தை பேசாம என் தலைக்கு மேல இன்னும் நாலு அடி வெட்டிட்டுப் போயிட்டே இருந்தாரு.

அப்புறம் பீவர். இந்த ஜந்து ராத்திரியோட ராத்திரியா ஓடைய மறிச்சு அணை கட்டிடும், ட்ரெயில் ஒரு பக்கம் முழுகிடும். பாலத்துப் பலகை மாத்தணும், மண்ணுக்கடியில போட்ட கல்வெர்ட் குழாய் அடைச்சிருந்தா தோண்டணும். நவம்பர்ல மான் வேட்டை சீசன், அந்த ரெண்டு வாரம் யாரும் காட்டுக்குள்ள போறதில்ல, நிலத்துக்காரங்களுக்கும் பிடிக்காது, நமக்கும் உயிர் மேல ஆசை இருக்கு. வேட்டை முடிஞ்சதும் டிசம்பருக்குள்ள அடிச்சுப் பிடிச்சு அம்புக்குறி, ஸ்டாப் சைன், வயல்ல குச்சி எல்லாம் நட்டு முடிக்கணும். மார்ச் கடைசில வயல்ல இருக்கற அதே குச்சி, போர்டு எல்லாத்தையும் பிடுங்கணும், திறந்துவிட்ட வேலியத் திரும்பக் கட்டணும். விவசாயி ட்ராக்டர் விடும்போது எங்க குச்சி ஒண்ணு மாட்டிச்சுன்னா அடுத்த வருஷம் பேச்சே இருக்காது.

யாரோட நிலத்துல போகுது? அவங்க ஏன் விடறாங்க, காசு குடுக்கறீங்களா?

கிரவுன் லேண்ட் கொஞ்சம், பழைய ரயில் பாதை கொஞ்சம். எங்க பக்கத்துல சீக்வின் ட்ரெயில்னு ஒண்ணு இருக்கு, மரக்கம்பெனி முதலாளி ஜே.ஆர். பூத் போட்ட ரயில் ஓடின பாதை, தண்டவாளம் போயிட்டு இப்ப அதுல ஸ்லெட் ஓடுது. இதெல்லாம் போக மீதி தனியார் நிலம். பெரும்பாலும் காசு கெடையாது. கிளப் ஆள் ஒருத்தர் வீட்டுக்குப் போயி, கிச்சன் டேபிள்ல உக்காந்து காபி குடிச்சு, அவங்க கால் வலிய எல்லாம் கேட்டுட்டு, கடைசில ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு வருவாரு. அவங்க ஏன் விடறாங்கன்னா, பல பேருக்கு அவங்க அப்பா விட்டாரு, அதனால இவங்களும் விடறாங்க. சிலருக்கு ஊர்ல குளிர்காலத்துல மோட்டலும் பெட்ரோல் பங்கும் ஓடணும்னு அக்கறை. அந்த அனுமதிய அவங்க எப்ப வேணா திரும்ப வாங்கிக்கலாம், காரணம் சொல்லணும்னுகூட இல்ல.

மூணு வருஷம் முன்னாடி நடந்தது. ஒரு விவசாயி தன் வயலோட ஓரமா போக விட்டிருந்தாரு, அந்த வயல்ல குளிர்கால கோதுமை. குச்சிக்குள்ளயே போங்கன்னு போர்டே இருக்கு. ஒரு நாள் யாரோ நாலு பேர் வயல் நடுவுல வட்டம் வட்டமா சுத்திட்டுப் போயிட்டாங்க. பாக்கறதுக்கு வெறும் ஸ்நோதான, என்ன ஆயிடும்னு தோணும். வண்டி ஏறி ஏறி ஸ்நோ அமுங்கினா அது உருகி உறைஞ்சு ஐஸ் தகடு மாதிரி ஆயிடும், அடியில இருக்கற பயிர் மூச்சு முட்டிச் செத்துடும். ஏப்ரல்ல போய்ப் பாத்தா பச்சை வயல் நடுவுல பழுப்பா வட்டங்கள், யாரு என்ன பண்ணாங்கன்னு வரைஞ்சு வச்ச மாதிரி. அவரு சத்தம் போடல. "இனிமே வேண்டாம்"னு மட்டும் சொன்னாரு. அந்த முந்நூறு மீட்டருக்காக நாங்க காட்டுக்குள்ள நாலு கிலோமீட்டர் சுத்துப்பாதை வெட்டினோம், ரெண்டு பாலத்தோட. அந்த நாலு பேர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அவரு நிலத்துல விழுந்து கால் ஒடிஞ்சா அவரு மேல கேஸ் போட்டுடுவாங்களே?

நிலத்துக்காரங்க கேக்கற முதல் கேள்வியும் இதேதான். ஒன்டாரியோல நில உடமையாளர் பொறுப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. பொழுதுபோக்கு ட்ரெயில்ல காசு குடுக்காம வர்றவங்க, ஆபத்தைத் தெரிஞ்சு தானே ஏத்துக்கிட்டு வர்றாங்கன்னுதான் அந்தச் சட்டம் எடுத்துக்குது. லாப நோக்கம் இல்லாத கிளப் நிலத்துக்காரருக்கு ஏதாவது குடுத்தாகூட அது நுழைவுக் கட்டணமா ஆகாது. வேணும்னே குழி வெட்டி வச்சாலோ, ஆள் வர்றது தெரிஞ்சும் கண்டுக்காம ஆபத்தா எதாவது பண்ணாலோதான் அவருக்குப் பிரச்சனை. அதுக்கு மேல சம்மேளனத்தோட பொறுப்புக் காப்பீடு நிலத்துக்காரரையும் சேர்த்துப் பாத்துக்குது. இவ்வளவும் சொன்னாலும் சிலர் யோசிப்பாங்க, அது அவங்க உரிமை.

வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கட்டியாச்சு, இன்சூரன்ஸ் கட்டியாச்சு, மறுபடி பெர்மிட் எதுக்கு?

மூணும் வேற வேற. ரெஜிஸ்ட்ரேஷன் மாகாணத்துக்கு. இன்சூரன்ஸ் உங்களுக்கும் நீங்க இடிக்கப்போற ஆளுக்கும். ட்ரெயில் பெர்மிட் காசுதான் மேல சொன்ன வேலைக்கெல்லாம் போகுது: ட்ரெயில சமப்படுத்தற க்ரூமர் மிஷினுக்கு டீசல், பாலத்துக்கு மரம், போர்டு, அந்தக் காப்பீடு. பெர்மிட் இல்லாம கிளப் ட்ரெயில்ல ஓட்டறது சட்டப்படி குத்தம், அபராதம் உண்டு. சொந்த நிலத்துல ஓட்டறதுக்கு வேண்டாம்.

சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாங்கினா விலை கம்மி, ஸ்நோ விழற வரைக்கும் பாத்துட்டு வாங்கினா அதிகம். 1999 மாடல் அல்லது அதுக்கும் பழைய வண்டின்னா கிளாசிக் பெர்மிட்னு மலிவா ஒண்ணு இருக்கு. ஒரு வாரக்கடைசிக்கு மட்டும் வர்றவங்களுக்குச் சில நாள் பெர்மிட்டும் இருக்கு. வாடகைக்கு எடுத்தா பெர்மிட் அதுலயே சேர்த்தியான்னு கேட்டுக்குங்க. வாங்கும்போது எந்தக் கிளப்புன்னு கேக்கும், அங்க நீங்க உண்மைல ஓட்டற ஊரோட கிளப்பப் போடுங்க. டொரான்டோக்காரங்க கண்ண மூடிட்டு லிஸ்ட்ல முதல்ல இருக்கறத அமுக்கிட்டு வந்துடறாங்க, வேல பாக்கறது ஒரு கிளப், பேர் வேற கிளப்ல.

க்ரூமர் க்ரூமர்ங்கறீங்களே, ஸ்நோவ அள்ளிப் போட்டுடுமா?

அள்ளாது, சமப்படுத்தும். ட்ராக் மாட்டின பெரிய ட்ராக்டர்னு வச்சுக்குங்க, பின்னாடி "ட்ராக்"னுதான் இங்க சொல்ற ஒரு இழுவை (அந்த ரப்பர் ட்ராக் இல்ல, இழுக்கறதுக்கு இங்கிலீஷ்ல சொல்வாங்களே அது, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, நான் இழுவைன்னே எழுதறேன்). இருபது அடிக்கு மேல நீளம், வரிசையா சாய்வா பிளேடுங்க, கடைசில ஒரு தட்டையான இரும்புத் தட்டு. ஸ்லெட்டுங்க ஓடி ஓடி ட்ரெயில் மேடு பள்ளம் மேடு பள்ளம்னு ஆயிடும், அதுக்கு மோகல்னு பேரு. வெறும் மேட்ட மட்டும் சீவினா பத்தாது, பள்ளத்தோட அடி வரைக்கும் வெட்டணும், இல்லன்னா மறுநாள் அதே எடத்துல திரும்ப வந்துடும். பிளேடு வெட்டிப் பொடி பண்ணும், தட்டு அமுக்கிட்டுப் போகும்.

ஒரு ஜனவரி ராத்திரி துணைக்குன்னு கூடப் போனேன். வெளிய மைனஸ் 24, கேபினுக்குள்ள ஹீட்டர் போட்டு பனியனோட உக்காந்திருக்கோம். வேகம் பத்து கிலோமீட்டர், சைக்கிள்ல வந்தா முந்திடலாம். ஓட்டறவரு ஒரு கண்ணு முன்னாடி, ஒரு கண்ணு கண்ணாடி வழியா பின்னாடி இழுவை மேல, கை எப்பவும் ஹைட்ராலிக் லீவர்ல. வளைவு வந்தா பிளேட ஒரு விரக்கட தூக்குவாரு, ஏத்தத்துல இறக்குவாரு. நான் பேச்சுக் குடுத்துட்டே வந்தேன், ஒரு எடத்துல கைய காமிச்சு பேச்ச நிறுத்தச் சொன்னாரு. இறங்கிப் போயி ட்ரெயில் ஓரத்துல சரிஞ்ச ஸ்டாப் சைன நிமித்தி, பூட்ஸால ஸ்நோவ மிதிச்சு இறுக்கிட்டு வந்து உக்காந்தாரு. எனக்கு அது கண்ணுலயே படல. எட்டு மணி நேரத்துல எழுபது கிலோமீட்டர் முடிச்சோம், காலைல ஏழு மணிக்குத் திரும்பி வரும்போது நாலு ஸ்லெட் எங்க எதிர்ல பறந்து போச்சு, ஒருத்தன்கூட கை காட்டல.

அத ஏன் ராத்திரில பண்றாங்க, பகல்ல பண்ணக்கூடாதா?

வெட்டிப் பொடி பண்ண ஸ்நோ ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகணும், அதுக்குக் குளிரும் நேரமும் வேணும். சிமெண்ட் பூசிட்டு உடனே நடந்தா எப்படியோ அப்படித்தான். ராத்திரி குளிர் அதிகம், வண்டியும் கம்மி. மொதல் அஞ்சாறு மணி நேரம் யாரும் ஏறலன்னா அந்த ட்ரெயில் நாள் முழுக்க நிக்கும். அப்புறம் வளைவுல பத்தடி அகல க்ரூமர் எதிர்ல வர்றதவிட பயங்கரம் வேற இல்ல. ஆம்பர் லைட் சுத்தறது தெரிஞ்சா ஓரம் கட்டி நின்னுடுங்க.

ரெண்டு அடி ஸ்நோ கொட்டிக் கெடக்கு, மேப்ல இன்னும் சிவப்பு காட்டுதே. சோம்பேறித்தனமா?

கோவமா வர்ற ஃபோன்ல பாதி இதுதான். ட்ரெயில் நிலவரம் காட்டற மேப்ல பச்சைன்னா திறந்திருக்கு, மஞ்சள்னா ஓட்டலாம் ஆனா எச்சரிக்கையா, சிவப்புன்னா மூடியிருக்கு. உங்க வீட்டு வாசல்ல ரெண்டு அடி இருக்கலாம், சதுப்பு நிலத்துல தண்ணி இன்னும் உறைஞ்சிருக்காது. அதுலயும் ஒரு கொடுமை, தரை உறையறதுக்கு முன்னாடி நிறைய ஸ்நோ விழுந்தா அது கம்பளி போத்தின மாதிரி ஆயி அடியில உறையவே விடாது. பல டன் க்ரூமர அதுமேல விட்டா எறங்கிடும், இழுக்க இன்னொரு மிஷின் வேணும்.

இன்னொரு விஷயம், சிவப்பா இருக்கும்போது நிலத்துக்காரரோட அனுமதியும் கெடையாது. பெர்மிட் இருந்தாலும் நீங்க அத்துமீறி நுழைஞ்சவர்தான். அந்தக் கோதுமை வயல் கதைய மேல சொல்லிட்டேன்.

ஏரி மேல எல்லாரும் போறாங்களே, ஐஸ் தாங்குமா?

தாங்கும், தாங்காது, ரெண்டும் அதே ஏரிலயே. செஞ்சிலுவைச் சங்கம் சொல்ற கணக்கு: ஒரு ஆள் நடக்க 15 சென்டிமீட்டர், ஸ்நோமொபைலுக்கு 25. அது தெளிவான நீல ஐஸுக்கு. வெள்ளையா ஸ்நோ கலந்த ஐஸுக்குப் பலம் பாதிதான், அப்ப தடிமன் ரெண்டு மடங்கு வேணும். ஆறு வந்து சேர்ற இடம், ரெண்டு தீவுக்கு நடுவுல குறுகலான இடம், படகுத்துறைல தண்ணிக்குள்ள காத்து விடற மிஷின் ஓடற இடம் இதெல்லாம் ஜனவரிலயும் மெலிசா இருக்கும். ஏரில நாங்க குச்சி நட்டு வழி காட்டறது உண்டு, அதுக்கு அர்த்தம் வழி இதுங்கறதுதான், ஐஸுக்கு நாங்க கியாரண்டி இல்ல.

ஐஸ்ல குத்திப் பிடிச்சு மேல ஏறறதுக்கு ஐஸ் குத்தூசி ரெண்டு கழுத்துல மாட்டிக்குங்க, பைக்குள்ள வச்சா விழுந்தப்புறம் எடுக்க முடியாது. உள்ள விழுந்துட்டா வந்த பக்கமே திரும்புங்க, அந்தப் பக்கம் உங்களத் தாங்கின ஐஸ். கால உதைச்சு நெஞ்சால ஏறி, எந்திரிக்காம உருண்டு வாங்க. என்னைக் கேட்டா முதல் ரெண்டு வருஷம் ஏரிப் பக்கமே போகாதீங்க, காட்டுக்குள்ளயே பாக்க ஆயிரம் இருக்கு.

எவ்வளவு வேகத்துல போகலாம்? என் பையனுக்கு 12 ஆச்சு, ஓட்டலாமா?

ட்ரெயில்ல 50 கிலோமீட்டர், வேற போர்டு இல்லன்னா. வண்டி 150 போகும், அது வேற விஷயம். ஹெல்மெட் கட்டாயம். 12 வயசு முடிஞ்சா கோர்ஸ் படிச்சு ஸ்நோமொபைல் ஓட்டுநர் லைசென்ஸ் வாங்கி ட்ரெயில்ல ஓட்டலாம். ஆனா ரோட்ட கடக்கவோ ரோடு ஓரமா ஓட்டவோ 16 வேணும், அதனால பெரியவங்க கூடப் போயி ரோடு வர்ற எடத்துல வண்டிய வாங்கிக் கடத்திக் குடுக்கணும். உங்ககிட்ட கார் லைசென்ஸ் இருந்தா தனியா வாங்க வேண்டாம். இருந்தாலும் அந்தக் கோர்ஸ்ல உக்காருங்க, நான் 38 வயசுல பதிமூணு வயசுப் பிள்ளைங்களோட உக்காந்தேன், கை சிக்னல்ல ரெண்டு தப்பு, பிள்ளைங்க சிரிச்சுது.

ரெண்டு பீர் அடிச்சுட்டு ஓட்டினா காட்டுக்குள்ள யாரு பிடிக்கப்போறா?

போலீஸே ஸ்லெட்ல வரும். அதோட போலீஸ் பயிற்சி எடுத்த வாலண்டியர் ட்ரெயில் ஆபீசருங்களும் இருக்காங்க. சட்டம் காருக்கு என்னவோ இதுக்கும் அதேதான், ரத்தத்துல 0.08-ன்னா கிரிமினல் கேஸ், 0.05-லேர்ந்தே லைசென்ஸ் சஸ்பெண்ட், 21 வயசு வரைக்கும் துளிகூடக் கூடாது. ஸ்லெட்ல மாட்டினா கார் லைசென்ஸும் போகும். அது இருக்கட்டும், காட்டுக்குள்ள யாராவது மாட்டிக்கிட்டா தேடிப் போறது எங்க ஆளுங்கதான். ஒரு தடவை அப்படி ஒரு தேடலுக்குப் போயிருக்கேன், அதப் பத்தி எழுத மாட்டேன்.

எங்கிட்ட வண்டியே இல்ல, ஓட்டவும் தெரியாது. கிளப்ல எனக்கு என்ன வேலை?

எங்க கிளப் பொருளாளர் அம்மா ஸ்லெட்ல ஏறினதே இல்ல, சத்தம் பிடிக்காதாம். கணக்கு பாக்கணும், நிலத்துக்காரங்களுக்கு டிசம்பர்ல நன்றிக் கார்டு எழுதணும், சமையல், பார்க்கிங், போர்டுக்குப் பெயின்ட். எக்ஸெல் தெரிஞ்சா உங்கள விடவே மாட்டாங்க. மரம் அறுக்கற மிஷின் மட்டும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாம யார் கையிலயும் குடுக்க மாட்டோம். நான் ரெண்டு வருஷம் கிளை இழுத்துப் போடற வேலைதான் பாத்தேன்.

ஈவென்ட் ஈவென்ட்ங்கறீங்க, என்ன நடக்கும்? போக்கர் ரன்னா சூதாட்டமா?

போக்கர் ரன்ல ட்ரெயில் வழியா அஞ்சு எடத்துல நிறுத்தம் இருக்கும், ஒவ்வொரு எடத்துலயும் ஒரு சீட்டு எடுக்கணும், கடைசில யார் கையில நல்ல சீட்டு சேர்ந்திருக்கோ அவங்களுக்குப் பரிசு. திறமைக்கு வேலையே இல்ல, வேகத்துக்கும் வேலை இல்ல, அதனாலதான் இது நல்ல விளையாட்டு, யாரும் அவசரப்பட வேண்டாம். காசு வச்சு நடத்தினா லாட்டரி லைசென்ஸ் வேணும், 50/50 குலுக்கலுக்கும் (வசூல்ல பாதி ஜெயிச்சவருக்கு, பாதி கிளப்புக்கு) வேணும், செகரட்டரி மாசக்கணக்கா அந்தப் பேப்பரோட அலைவாரு. ஈஸ்டர் சீல்ஸ்ங்கற அமைப்புக்காக ஸ்நோராமான்னு ஒண்ணு நடக்கும், உடல் ஊனமுள்ள பிள்ளைங்களுக்கு நிதி திரட்ட 1975-ல ஆரம்பிச்சது. விப்பர் பில்லி வாட்சன்னு ஒரு மல்யுத்தக்காரர்தான் அதுக்கு முகமா இருந்தாரு.

பிப்ரவரி மூணாவது திங்கள் ஃபேமிலி டே லீவு, அந்த வாரக்கடைசி ஊரே கிளப் ஹால்லதான். காலைல அஞ்சரைக்கு நாங்க ஆறு பேர் கிச்சன்ல. பெயின்ட் வாளி சைஸ் வாளில பான்கேக் மாவு, ரெண்டு நீள தோசைக்கல்லு, பக்கத்துத் தோட்டத்து மேப்பிள் சிரப் சூடாகிட்டு இருக்கும். முதல் தடவை நான் பழக்க தோஷத்துல மாவ ஊத்தி கரண்டியால தேச்சுட்டேன், தோசை மாதிரி மெலிசா வந்துச்சு, பக்கத்துல நின்ன அம்மா என் கையிலேர்ந்து கரண்டிய வாங்கிட்டாங்க. இப்ப எனக்கு பேக்கன் டியூட்டி. வெளிய 1970-கள் மாடல் ஸ்லெட் வரிசையா நிக்கும், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றதுக்குள்ள அந்தப் பெரியவங்களுக்கு வேர்த்துடும், ஸ்டார்ட் ஆனதும் கை தட்டுவாங்க.

"சில்லி" போட்டின்னு ஒண்ணு வைப்பாங்க. நான் மிளகாய்னு நெனச்சு பச்சைமிளகாய் பஜ்ஜி போட்டுக் கொண்டு போயிட்டேன். அது பீன்ஸும் கறியும் போட்டுக் கொதிக்க வைக்கற குழம்பாம். பஜ்ஜி பத்து நிமிஷத்துல காலி, பரிசு மட்டும் குடுக்கல.

நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா? வித்தியாசமா பாக்க மாட்டாங்களா?

எங்க கிளப்ல நான் ஒருத்தன்தான். முதல் மீட்டிங்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, உண்மைதான், ஆனா புதுசா யார் வந்தாலும் பாப்பாங்க, ஏன்னா பல வருஷமா புதுசா யாரும் வரல. சராசரி வயசு அறுபதுக்கு மேல இருக்கும். என் பேர ஒருத்தரும் சரியா சொல்றதில்ல. ஒரு தடவை ஒரு ஆள் ஒரு மாதிரி பேசினாரு, நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி பொருளாளர் அம்மாவே சொல்லிட்டாங்க. எல்லா ஊரும் இப்படி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். கூட நின்னு ஒரு நாள் முழுக்க மரம் தூக்கினா பேச்சு தானா வரும்.

ஹை ஸ்கூல் பையனுக்கு 40 மணி நேரம் வாலண்டியர் ஹவர்ஸ் இதுல எடுக்கலாமா?

இங்க ஹை ஸ்கூல் முடிக்க அந்த 40 மணி நேரச் சேவை கட்டாயம். இதுல எடுக்கலாம், ஸ்கூல்ல முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. மெஷின் வேலை தர மாட்டோம், கிளை இழுக்கறது, குச்சிக்கு ரிஃப்ளெக்டர் ஒட்டறது, ஈவென்ட்ல பார்க்கிங். ஒண்ணு சொல்லிடறேன், கையெழுத்துக்கு மட்டும் பையன அனுப்பிட்டு நீங்க கார்ல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தீங்கன்னா, யாராவது வந்து கண்ணாடியத் தட்டி உங்களுக்கும் ஒரு ஜோடி கிளவுஸ் குடுப்பாங்க.

ட்ரெயில் அழகா இருக்கே, சும்மா நடக்கலாமா? நாயக் கூட்டிட்டு?

கிரவுன் லேண்ட்லயும் பொது ரயில் பாதைலயும் எல்லாருக்கும் உரிமை உண்டு, அந்தந்த இடத்துப் போர்டப் பாருங்க. தனியார் நிலத்துல கூடாது, அவரு அனுமதி குடுத்தது ஸ்நோமொபைலுக்கு மட்டும். ஏடிவி-யும் (காட்டுல ஓட்டற நாலு சக்கர வண்டி) அப்படித்தான். வளைவு தாண்டி ஸ்லெட் வர்றது உங்களுக்குக் கேக்கும், ஓட்டறவனுக்கு ஹெல்மெட்டுக்குள்ள நீங்க இருக்கறது தெரியாது.

இதே பெர்மிட்ட வச்சு கியூபெக் போகலாமா?

முடியாது. அங்க சம்மேளனம் வேற, பெர்மிட் வேற.

சத்தம், புகை, மானெல்லாம் மிரளும். இதெல்லாம் தப்பா தோணலையா?

தோணும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி பின்னாடி போனா துணியெல்லாம் எண்ணெய் நாத்தம் அடிக்கும். புது வண்டிங்க எவ்வளவோ பரவால்ல, ஃபோர் ஸ்ட்ரோக் இன்னும் அமைதி, ஆனா சைலன்சர மாத்தி அலற விடறவன் எல்லா ஊர்லயும் இருக்கான். ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தன் அப்படிப் போனா காலைல நிலத்துக்காரர் எங்களுக்குத்தான் ஃபோன் பண்றாரு. இறுகின ட்ரெயில்ல மானும் ஓநாயும் நடந்து போறத நானே பாத்திருக்கேன், ஆழமான ஸ்நோல நடக்கறத விட அதுங்களுக்கு இது சுலபம், மானுக்கு அது நல்லதா, ஓநாய்க்கு நல்லதாங்கறது வேற கணக்கு. எலெக்ட்ரிக் ஸ்லெட்டும் வந்துடுச்சு, குளிர்ல ரேஞ்ச் பத்தாது, எங்க ட்ரெயில்ல இன்னும் ஒண்ணுகூட பாக்கல. இது முழுக்க சுத்தமான பொழுதுபோக்குன்னு நான் வாதாட மாட்டேன்.

ஸ்நோவே கொறஞ்சுட்டு வருதே, இன்னும் எத்தனை வருஷம் இதெல்லாம்?

2023-24 குளிர்காலம் இங்க யாரும் மறக்க மாட்டாங்க. எல் நினோ வருஷம், டிசம்பர்ல மழை. தெற்குல பல ட்ரெயில் ஒரு நாள்கூட பச்சை ஆகல. செப்டம்பர்லேர்ந்து மூணு மாசம் வெட்டி, நட்டு, பாலம் போட்டு, கடைசில எல்லாக் குச்சியையும் அப்படியே பிடுங்கினோம். பெர்மிட் வாங்கினவங்க திட்டினாங்க, நியாயம்தான். அடுத்த செப்டம்பர் பிரஷ்ஷிங்குக்கு யாரு வரப்போறான்னு நெனச்சேன், அதே பதினஞ்சு பேர் வந்தாங்க. ஒருத்தர் முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு வந்து மடக்கு சேர்ல உக்காந்து ரம்பத்துக்குச் சாணை பிடிச்சாரு.

சரி வர்றேன். முதல் நாள் என்ன எடுத்துட்டு வரணும்?

கிளவுஸ் ரெண்டு ஜோடி, ஒண்ணு பத்து மணிக்குள்ள நனைஞ்சுடும். கெட்டியான பூட்ஸ். நவம்பர் வரைக்கும் ஆரஞ்சு கலர் ஜாக்கெட் இல்ல வெஸ்ட், வேட்டைக்காரங்களுக்குத் தெரியணும். ஜீன்ஸ் வேண்டாம். கார் டேங்க் ஃபுல் பண்ணிட்டு வாங்க. மதியச் சாப்பாடு கிளப்ல சூப்பும் சாண்ட்விச்சும் குடுப்பாங்க, உப்பு காரம் எதிர்பார்க்காதீங்க, பையில ஊறுகாய் இருந்தா என் பக்கத்துல வந்து உக்காருங்க. காலைல எட்டு மணின்னா எட்டு மணி. எட்டு அஞ்சுக்கு டிரக் கெளம்பிடும், அதுக்கப்புறம் காட்டுக்குள்ள சிக்னல் கெடையாது.